தலையில் துண்டு, நெஞ்சில் பேப்பர்

நான் விரிஞ்சிபுரத்தில் தையல்காரன். எங்கள் பக்கத்தில் சைக்கிள் மிதித்தவர்கள் பனிக்காலத்தில் என்ன உடுத்திக்கொண்டு போனார்கள் என்று எழுத உட்கார்ந்தால், என் தொழிலுக்குக் கொஞ்சம் கூச்சமான ஒரு விஷயத்தில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்த உடுப்பில் முதலிடம் துண்டுக்கு. தறியிலிருந்து அறுத்த கையோடு தோளுக்கு வந்துவிடும் துணி அது. கத்திரிக்கும் ஊசிக்கும் அதில் வேலையே இல்லை.

வேலூரில் ஏது குளிர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் பெயர் செய்தியில் அடிபடுவதைக் கேட்டே பழகியவர்கள் அவர்கள். கார்த்திகை பிறந்தபின் விடியற்காலை நாலரை மணிக்கு இங்கே சைக்கிளில் ஏறிப் பார்க்க வேண்டும். பாலாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான். ஆனாலும் கரையோரத்துத் தென்னந்தோப்புகளில் பனி இறங்கி நிற்கும். மேற்கே போகப் போக ஜவ்வாது மலையும் ஏலகிரியும் கிட்டே வரும், குளிரும் ஏறும். சமவெளியில் இன்றைக்கு எங்கே குளிர் அதிகம் என்று ரேடியோவில் சொல்லும்போது திருப்பத்தூர் பெயர் அடிக்கடி வரும். எங்கள் ஊரில் மார்கழி, தை விடியலில் 17, 18 டிகிரி இருக்கும். தெருவில் சும்மா நிற்கிறவனுக்கு அது ஒரு டீயில் போய்விடுகிற குளிர். சைக்கிள் மிதிக்கிறவன் கதை வேறு. இலை அசையாத நாளிலும் அவன் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காற்றைத் தனக்குத்தானே உண்டாக்கிக்கொண்டு அதற்குள்ளேயே போகிறான். அதே ஆளுக்கு மூன்றாவது கிலோமீட்டரில் முதுகு வேர்க்கும். ஒரே உடம்பில் முன்பக்கம் மார்கழி, பின்பக்கம் சித்திரை. இரண்டுக்கும் சேர்த்து உடுத்தவேண்டும், அதுதான் சங்கடம்.

அப்பா பச்சைத்தோல் எடுக்கிறவர். செதுவாலை, பொய்கை, பள்ளிகொண்டா என்று சுற்றுப்பட்டுக் கசாப்புக் கடைகளில் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புத் தடவி, மடித்து, சாக்கில் கட்டி, ஆம்பூர்ப் பக்கத்து மண்டியில் கொண்டுபோய்ப் போடுவார். எங்கள் ஊரிலிருந்து ஆம்பூர் சுமார் 35 கிலோமீட்டர். இரண்டாங்கையாக வாங்கிய ஹெர்குலிஸ் வண்டி. அம்பத்தூரில் டிஐ கம்பெனி 1951ல் அந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்தபிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு சைக்கிள் என்பது எட்டுகிற பொருளானது. அதற்குமுன் இங்கே ஓடியதில் பெரும்பாலும் பர்மிங்காம், நாட்டிங்ஹாம் வண்டிகள். உத்தியோகஸ்தர்கள், பெரிய கடைக்காரர்கள், மிஷன் ஆட்கள் வைத்திருந்தவை.

அப்பாவைப் போல சைக்கிளில் தோல் கட்டிப்போனவர்கள் ஒரு நீளமான சங்கிலியின் முதல் கண்ணி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ல் ஓடியது. சில வருஷங்களில் பாதை ஆம்பூரைத் தாண்டி ஜோலார்பேட்டைக்குப் போய்விட்டது. பாலாற்றுத் தண்ணீர், சுற்றுக் காடுகளின் ஆவாரம்பட்டை, ரயில், முதல் போட்ட முஸ்லிம் வியாபாரிகள், தோலைத் தொட்டு வேலை செய்யத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்ட மக்கள், இவ்வளவும் சேர்ந்து ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எல்லாம் தோல் ஊர்களாயின. ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காயில் முடிந்து, எண்ணெய் தடவி மடித்த தோல் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்காக, இந்த ராஜதானியில் பதனிட்ட மாட்டுத்தோலை அரசாங்கமே மொத்தமாக எடுத்துக்கொண்டது. அவ்வளவு தோல் வெளியே போன பாதையில் தோலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் உடம்பில் தோல் ஏதாவது இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்பா காலில் டயர் செருப்பு. அவ்வளவுதான்.

அவர் புறப்படுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், லாந்தரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. முதலில் பட்டாப்பட்டி நிக்கர், நாடா போட்டது, உள்பக்கம் பணத்துக்கு ஒரு பை. மேலே குடியாத்தம் லுங்கி, முட்டிக்கு மேலே தூக்கி மடித்துக் கட்டியது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. மிதிக்கிற கால் தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும், துணி சுற்றினால் செயினில்தான் மாட்டும். ஒரு பனியன், அதன்மேல் அரைக்கைச் சட்டை. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில், டீக்கடையிலிருந்து வாங்கிவந்த முந்தினநாள் செய்தித்தாள், நெஞ்சு அகலத்துக்கு நாலாக மடித்தது. கடைசியாகத் துண்டு, மூணு முழ ஈரோட்டுத் துண்டு. அதை அவர் கட்டுகிற முறை தனி. ஆம்பூருக்குப் போகும்போது வண்டி மேற்கு பார்த்துப் போகும், வாடைக்காற்று வலது காதில் அறையும். அதனால் வலது காதின்மேல் துண்டு இரட்டை மடிப்பாக வரும், முடிச்சு இடது தாடைப் பக்கம். திரும்பி வருகிற நேரத்தில் வெயில் ஏறியிருக்கும். துண்டு அப்போது காதுக்கு இல்லை, வேர்வை துடைக்க.

"காத மூடு, நெஞ்ச மூடுடா. மத்ததெல்லாம் மிதிக்க மிதிக்கத் தானா சூடாயிடும்" என்பார். அறுபது வயதைத் தாண்டிய தையல்காரனாக இதை யோசித்துப் பார்த்தால், சேர்க்க எனக்கு விரலைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. விரலுக்கு அவரிடமும் வழியில்லை. பனியில் இரும்பு ஹேண்டில்பார் கையைக் கடிக்கும் என்று பழைய டியூபை வெட்டி அதில் சுற்றி வைத்திருந்தார். மீதிக்கு, ஒரு கையை அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டி, கை மாற்றி மாற்றிப் போவார். நம் சீமைச் செம்மறிக்குக் கம்பளி மயிர் கிடையாது, அதனால் அதன் தோல் மெல்லிசாக, நைஸாக வரும், வெளிநாட்டில் கையுறை தைக்கிறவர்களுக்கு அது பிடித்தமான சரக்கு என்று மண்டியில் பேசிக்கொண்டதைக் கேட்டுவந்து சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அந்தப் பேப்பர் விஷயம் ஏதோ ஏழையின் சமாளிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸ் நாட்டில் 1903 முதல் நடக்கிற டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், மலை உச்சியில் ரசிகர்கள் நீட்டுகிற செய்தித்தாளை வாங்கி பனியனுக்குள் செருகிக்கொண்டுதான் வீரர்கள் இறக்கத்தில் பாய்ந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு அதுதான் வழக்கம். காரணம் எளிது. பருத்தித் துணியில் காற்று நுழையும், பேப்பரில் நுழையாது. மடிப்புகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று அசையாமல் தங்கிவிடும், அது உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும். உடம்பு சூடானதும் உருவி எறிந்துவிடலாம். அப்பா எறிய மாட்டார். பள்ளிகொண்டா தாண்டியதும் உருவி ஹேண்டில்பையில் திணித்துக்கொள்வார். சாயங்காலம் அதில்தான் பக்கோடா கட்டி வீட்டுக்கு வரும்.

வேறு துணிகளும் அந்தக் காலத்தில் இருந்தன. குரும்பர்கள் நெய்த கறுப்புக் கம்பளி இருந்தது. மாட்டுவண்டியில் உட்கார்ந்து போகிறவனுக்கும் ராக்காவல் இருக்கிறவனுக்கும் அதைவிட நல்லது இல்லை. சைக்கிளுக்கு அது உதவாது. கனம், இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, சக்கரத்துக்குள் போனால் மனிதனையும் இழுத்துக்கொண்டு போகும். தூறலுக்குச் சாக்குப்பையின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்த கொங்காணி. அதையும் சைக்கிள்காரன் அரைமணி நேரத்துக்குமேல் தாங்கமாட்டான், நனைந்தால் சாக்கு ஒரு மூட்டைக் கனம் கனக்கும். அப்புறம் குரங்குக் குல்லா. வடக்கத்தி ஆட்கள் மழைக்காலம் முடியும்போது வேலூர் பிளாட்பாரத்தில் ஸ்வெட்டரோடு கொண்டுவந்து குவிப்பார்கள். குளிர் தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஹைவேயில் சைக்கிள் ஓட்டுகிறவனைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பயம். பின்னால் லாரி ஆரன் அடிப்பது அவனுக்குக் கேட்காது. துண்டை ஒரு விரலால் தள்ளினால் காது திறந்துகொள்ளும்.

ஈரத்தைப் பற்றி எங்கள் ஊருக்குத் தனி அனுபவம் உண்டு. மார்கபந்தீஸ்வரர் கோயிலில் கார்த்திகைக் கடைஞாயிறு பெரிய விசேஷம். நள்ளிரவில் சிம்மகுளத்தில் பெண்கள் குளித்துவிட்டு, பிள்ளை வரம் வேண்டி ஈரப்புடவையோடு கோயிலுக்குள் படுத்துத் தூங்குவார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். கார்த்திகைக் கடைசியில், நடுராத்திரியில், ஈரத்துணியில்! நம்பிக்கை ஒரு பங்கு தாங்குகிறது, அந்தப் பெரிய மதில் ஒரு பங்கு தாங்குகிறது என்பது என் கணக்கு. உள்ளே காற்று அடிக்காது. அதே ஈரத்தோடு சைக்கிளில் பொய்கை வரை போகச் சொன்னால் பல் கிட்டிவிடும். சைக்கிள்காரனுக்கு அந்த ஈரம் குளத்திலிருந்து வரவேண்டியதில்லை, அவன் முதுகிலிருந்தே வருகிறது. பருத்தி பனியன் வேர்வையைக் குடித்துவைத்துக்கொள்ளும். மிதிக்கிறவரை தெரியாது. மண்டியில் எடை போட வரிசையில் நிற்கும்போது அது முதுகில் பட்டையாக ஒட்டிக் குளிரும். அப்பா போனதும் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றிப் பனியனைப் பிழிவார், துண்டால் முதுகைத் துடைத்து வெறும் சட்டையைப் போட்டுக்கொள்வார். சாக்கிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் தனி. பின்சக்கரம் அதை வாரிக் கெண்டைக்காலில் அடிக்கும், காய்ந்தால் வெள்ளை பூக்கும், குளிரில் வெடித்த தோலில் எரியும். படுக்குமுன் அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள்.

எங்கள் கோயில் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு வியாபாரி ஒருவருக்குக் கள்ளர் பயம் தீரக் குதிரையில் துணையாகப் போனார் என்று கதை. கோபுரத்தைத் தாண்டும்போது சைக்கிள்காரர்கள் ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்பாவும் செய்வார், ரோட்டிலிருந்தபடியே.

அந்த வழியில் ஒரு தெரு. பெயர் வேண்டாம். ஹைவேயிலிருந்து பிரிந்து இரண்டு கசாப்புக் கடைகளுக்குப் போகக் குறுக்குப்பாதை. அதற்குள் எங்கள் ஆட்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. இறங்கவேண்டும், செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டவேண்டும், தலையிலிருக்கும் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டவேண்டும், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். தெரு முடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். 1955லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டிருந்தது. அது டில்லியிலிருந்து அந்தத் தெருமுனைக்கு வந்துசேரப் பல வருஷம் பிடித்தது. நான் சொல்லவருவது துணிக்கணக்கு. மிதித்து மிதித்துச் சூடாக்கிய உடம்பில், வேர்வையோடு, சரியாகக் காற்று அடிக்கிற நேரத்தில், காதையும் தலையையும் திறந்துவிட்டு, வெறுங்காலோடு பனித்தரையில் மெதுவாக நடப்பது. குளிருக்கு உடுத்தும் முறையில் எது எது வேண்டும் என்று அப்பா பட்டியல் போட்டு வைத்திருந்தாரோ, அது அத்தனையையும் அந்தத் தெரு ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கிக்கொண்டது. மார்கழி முழுவதும் அவருக்கு வலது காதில் வலி இருக்கும்.

ஒருநாள் அவர் அந்தத் தெருவை விட்டுவிட்டார். சண்டை எதுவும் இல்லை. ஏரிக்கரை சுற்றி வருகிற மண்பாதையில் போக ஆரம்பித்தார். தூரம் அதிகம், தோலோடு மணலில் மிதிப்பது லேசில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அந்தப் பக்கம் துண்ட அவுக்கத் தேவையில்ல" என்றார்.

உடுப்பைப் பார்த்து ஆளை வழிமறிப்பது உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று சொல்லமாட்டேன். 1898ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், லேடி ஹார்பர்டன் என்கிற பிரபுகுலத்துப் பெண்மணி முழங்கால்வரை வருகிற தொளதொள கால்சட்டை போட்டு சைக்கிளில் வந்து, ஹாட்பாய் என்கிற விடுதியில் காபி அறைக்குள் நுழையப் பார்த்தார். பாவாடை கட்டாமல் அங்கே உட்காரமுடியாது, மதுக்கூடத்துப் பக்கம் போங்கள் என்றார் விடுதி நடத்திய அம்மாள். வழக்கு மறுவருஷம் கோர்ட்டுக்கு வந்தது, விடுதிதான் ஜெயித்தது. நல்ல குளிர் ஊரில், தரையைக் கூட்டும் பாவாடை சக்கரத்தில் மாட்டாமல் சைக்கிள் விடுவதற்கு அந்தக் கால்சட்டையைவிடப் பொருத்தமானது இல்லை என்று எந்தத் தையல்காரனும் சாட்சி சொல்லியிருப்பான். யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது. ஆனால் லேடி ஹார்பர்டனுக்கு மதுக்கூடமாவது கிடைத்தது.

தோலைத் தொடாத தொழிலுக்கு அனுப்பவேண்டும் என்று அப்பா என்னை வேலூரில் ஒரு தையல்கடையில் காஜா எடுக்கச் சேர்த்துவிட்டார். நான் மெஷினில் உட்கார்ந்த காலம் 1970களின் நடு. பெல்பாட்டம் காலம். சைக்கிள்காரனுக்கு எதிராக ஒரு உடுப்பைத் திட்டம்போட்டுச் செய்யச் சொன்னாலும் அதைவிடக் கச்சிதமாகச் செய்யமுடியாது. கீழே 24 இஞ்சு சுற்றளவு. வாரத்துக்கு நாலு பேராவது வலதுகால் பாட்டம் கிழிந்து, கிரீஸ் கறையோடு வருவார்கள். எஃகுக் கிளிப் விற்றது, கணுக்காலில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பெல்பாட்டம் போட்டவன் கிளிப் போட்டால் பெல் எங்கே தெரியும்? கிழிந்தாலும் பரவாயில்லை என்று கிளிப்பைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். குளிருக்கும் அது மோசம். அகலமான பாட்டம் கீழிருந்து காற்றை வாரி மேலே அனுப்பும். லுங்கியைத் தூக்கிக்கட்டிய அப்பாவுக்குத் தொடையாவது மூடியிருந்தது.

தொழில்காரனாக நான் உண்மையில் மூளையைச் செலவழித்தது வேறு ஒரு இடத்தில். பேன்ட்டில் நாலு துணிகளும் வந்து சேருகிற இடம் கவுட்டை. நாலு தையலும் ஒரே புள்ளியில் முட்டி, அங்கே சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு விழும். நிற்கிறவனுக்கு அது தெரியாது. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் உடம்பின் பாதிக் கனம் அந்த முடிச்சின்மேல். தினம் போய்வருகிறவர்களுக்குப் புண்ணாகிவிடும், குளிர்காலத்தில் தோல் வறண்டு இன்னும் மோசம். வெளியே சொல்லவும் கூச்சம். "டெய்லரே, உக்கார்ற எடத்துல இன்னாவோ உறுத்துது" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார்கள். நான் அந்த நாலு முனையையும் வெட்டிவிட்டு, நடுவில் டைமன் வடிவத்தில் ஒரு துண்டுத்துணி வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். தையல்கள் அந்தப் புள்ளியை விட்டுத் தொடைப் பக்கம் விலகிவிடும். விளிம்பை உள்ளே விடாமல் மடித்து இரட்டைத் தையல் போட்டுத் தட்டையாக்கவேண்டும். உள்பக்கம் நைந்த வேட்டித்துணி இரண்டு மடிப்பு. காலும் தாராளமாக விரியும். தபால்காரர்கள், பால்காரர்கள், மில் ஆட்கள் என்று அதற்காகவே தேடி வந்தார்கள்.

போன வருஷம் எங்கள் ஹைவேயில் ஞாயிறுதோறும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பறக்கிற கோஷ்டியில் ஒரு தம்பி, உடம்போடு ஒட்டுகிற சைக்கிள் டவுசர் ஒன்றைக் கொண்டுவந்தார். உட்காரும் இடத்து மெத்தை ஒரு ஓரம் பிரிந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். தையல் ஒன்றுகூட நடுவில் வராமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அதை அப்படி வெட்டித் தைத்த ஆளோடு, அது யாராக இருந்தாலும், கைகுலுக்கவேண்டும் போலிருந்தது எனக்கு. மெத்தை ஸ்பாஞ்சு. முன்பெல்லாம் அந்த இடத்தில் நிஜத்தோல் இருந்தது. 1970கள் வரை ஐரோப்பியப் பந்தயக்காரர்களின் டவுசர் கம்பளிநூலில் பின்னியது, அடியில் மீனெண்ணெயில் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தது. துவைத்துக் காயவைத்தால் அப்பளமாக விறைக்கும், களிம்பு தடவிப் பதமாக்கித்தான் போடுவார்கள். அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி ஆராய்ச்சியாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958ல் கண்டுபிடித்த லைக்ரா நூல் கம்பளியை ஓரங்கட்டியது, 1980களில் செயற்கை மெத்தை தோலையும் ஓரங்கட்டியது. ஆக, ஆட்டுத்தோலைச் சைக்கிளின் பின்னால் கட்டி நாங்கள் மிதித்த காலத்தில், ஆட்டுத்தோலின்மேல் உட்கார்ந்து மிதித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அந்தத் தம்பிக்கு இதைச் சொன்னேன். அவர் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

நான் கடை போட்டபிறகு இரண்டு மாற்றங்கள் என் மேசைக்கு வந்தன. முதலாவது, 1980ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. தோல் மூட்டைக்காரர்கள், பால்காரர்கள், கோழிக்காரர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். அதுவரை துண்டோடும் பேப்பரோடும் சமாளித்த அதே ஆட்கள் ஜெர்கின் கேட்டு வந்தார்கள், ஸ்வெட்டருக்கு உள்துணி வைக்கச் சொன்னார்கள். வசதி வந்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். வசதியும்தான். ஆனால் காரணம் பெடல். மிதிக்காதவன் உடம்பு சூடாகாது, வேகமோ இரண்டு மடங்கு. எங்கள் பக்கத்தில் கனத்த குளிர் உடுப்பு பரவியது குளிர் கூடியதால் அல்ல, மிதிப்பது குறைந்ததால்.

இரண்டாவது மாற்றம் பெண்கள். அரைகுறைப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு 1973ல் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. மண்டிகளும் தோல் ஷாப்புகளும் மட்டும் இருந்த ஊர்களில் ஷூ கம்பெனிகள் வந்தன, மேல்தோல் தைக்கிற மெஷின்களில் பெண்கள் உட்கார்ந்தார்கள். தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குக் கம்பெனி பஸ். பஸ் நிற்கும் இடம்வரை நடை, அப்புறம் மெல்ல மெல்ல சைக்கிள். புதுக்கோட்டையில் 1991, 92ல் அறிவொளி இயக்கத்தில் கலெக்டர் ஷீலாராணி சுங்கத் முன்னின்று ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றிய சேதி இங்கேயும் வந்தது. 2001ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள், 2005ல் எல்லோருக்கும் என்று ஆனபிறகு பேச்சுக்கே இடமில்லை. தாவணி இரண்டு மூன்று வருஷத்தில் என் கடையிலிருந்து காணாமல் போனது. தாவணியோடு சைக்கிள் விட்ட பெண்கள் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, பாவாடையை ஒருபக்கம் தூக்கிச் செருகி, செயினைக் குனிந்து பார்த்துக்கொண்டே போவார்கள். குளிரில் அந்தப் பாவாடைக்குள் காற்று குடை விரிக்கும்.

சுடிதாரில் நான் மாற்றியது சின்ன விஷயங்கள். டாப்பின் சைடு ஓப்பனை வழக்கத்தைவிட மூன்று இஞ்சு மேலே ஏற்றுவேன். இல்லாவிட்டால் பின்துணி சீட் மூக்கில் மாட்டி, இறங்கும்போது பிள்ளையைக் கீழே தள்ளும். பாட்டம் கணுக்காலில் ஒடுக்கம். துப்பட்டா இரண்டு தோளிலும் பின் குத்தி, பின்னால் முடிச்சு. கவுட்டையில் அதே டைமன் துணி, கேட்காமலேயே வைப்பேன். மார்கழியில் இதெல்லாவற்றுக்கும் மேலே அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டை. வயலுக்குப் போகிற பெண்கள் புடவைமேல் போடும் ஆம்பளைச் சட்டைதான் அது. முழுக்கைச் சட்டையின் கை, விரல்நுனி வரை நீண்டு வரும். கையுறை வாங்காமல் விரலுக்கு வழி கண்டுபிடித்தது அந்தப் பெண்கள்தான். அப்பாவுக்கு இது தோன்றவில்லை, அரைக்கைச் சட்டைக்காரர்.

இலவச சைக்கிள் வாங்கிய பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கோ கல்யாணத்துக்கோ போய்விட்டார்கள். வண்டிகள் இங்கேயே இருக்கின்றன. இப்போது அம்மாக்கள் ஓட்டுகிறார்கள். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற அம்மா மகளுடைய பள்ளிக்கூட சைக்கிளில்தான் வருகிறார். ஐப்பசி கடைசியில் கடைக்கு வந்து, "டெய்லர் அண்ணா, நெஞ்சு மட்டும் குளிருது, முதுகு வேர்க்குது, இன்னா பண்ணலாம்?" என்றார். கை இல்லாத ஒரு உள்சட்டை தைத்துக்கொடுத்தேன். முன்பக்கம் காற்று நுழையாத பாராசூட் துணி, முதுகுப் பக்கம் முழுக்கப் பனியன் துணி, பக்கவாட்டில் நாடா. வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் போடுவதும் கிட்டத்தட்ட இதேதான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைத் தம்பி அப்புறம் போனில் படம் காட்டினார், விலையும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்த வருஷம் அந்தப் பால்கார அம்மா இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஒருவர் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர், இன்னொருவர் பூ விற்கிறவர். மூவருக்கும் ஜேபி வேண்டுமாம், உள்ளே ஒன்று செல்போனுக்கு, வெளியே ஒன்று சில்லறைக்கு, ஜிப் வைத்து. ஜிப்புக்குத் தனியாக 20 ரூபாய் ஆகும் என்றேன். பூக்கார அம்மா பேசாமல் வீட்டுக்குப் போய், பழைய ஸ்கூல் பையிலிருந்து அறுத்த மூன்று ஜிப்புகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஒன்றில் ரன்னர் இல்லை. அதை மட்டும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.